அறுபது வயது மஸ்டாங்கும் நான் இழந்த 21,400 டாலரும்: பழைய அமெரிக்கக் கார் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மூன்று நாள்களாகச் சரியான தூக்கமில்லை. பழைய கார் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி ஒன்றை எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்காமல் வேறெதையும் எழுதக் கை ஓடவில்லை.

நான் மிச்சிகனில் வசிக்கிறேன். பழைய கார்களை மட்டுமே பட்டியலிட்டு விற்கும் ஓர் இணையதளத்தின் வழியாக, பக்கத்து மாநிலமான ஒஹையோவில் இருந்த ஒருவரிடம் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை 21,400 டாலருக்கு வாங்கினேன். கார் வீடு வந்து சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

ஒன்றும் தெரியாமல் நான் இதில் இறங்கவில்லை. மஸ்டாங்குக்குத் தனிச் சேஸ், அதாவது உடலைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, உடலே சேஸாக நிற்கும்படி கட்டப்பட்ட கார் அது. ஆகவே அதில் துரு பிடித்தால் அழகு மட்டும் போவதில்லை, காரைத் தாங்கும் எலும்பே போய்விடுகிறது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் எங்கள் பகுதியில் ஓடிய காரைத் தவிர்க்க வேண்டும், கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடத்துக் காரைத்தான் தேட வேண்டும் என்பதையும் படித்து வைத்திருந்தேன். அந்தப் பாதி அறிவைப் பிடித்துக்கொண்டுதான் என்னை ஏமாற்றினார்கள்.

விளம்பரத்தில் 'கலிஃபோர்னியா கார், துருவே இல்லை' என்று போட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. வீடியோ அழைப்பில், காரை விற்ற அந்தப் பெரியவர் நிதானமாகப் பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து உள் மட்கார்டில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். முதலில் 6, அதாவது 1966. அடுத்து ஆர், அதாவது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. பிறகு 07, இரண்டு கதவு ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத உலோகக் கூரை கொண்டது. அதன்பின் சி, 289 கன அங்குல வி-8 இன்ஜின். அந்த 'ஆர்' எழுத்தைக் கண்ணால் பார்த்த நொடியில் என் சந்தேகமெல்லாம் கரைந்துவிட்டது. கார் எங்கே பிறந்தது என்பதைத்தான் அந்த எழுத்து சொல்லும், அடுத்த அறுபது ஆண்டுகள் எந்த ஊர் உப்பில் நனைந்தது என்பதைச் சொல்லாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "எனக்கு வயதாகிவிட்டது தம்பி, இதை நேசிக்கிற ஒருவர் கைக்குப் போனால் போதும்" என்கிற பொருளில் அவர் பேசிய விதம் என்னை முழுதாக நம்ப வைத்தது. தளமும் தன் பங்குக்கு விளம்பரத்தின் மேல் 'பரிசோதிக்கப்பட்டது' என்று முத்திரை வைத்திருந்தது. நேரில் போய்ப் பார்க்க மூன்றரை மணி நேரப் பயணம்தான். வெள்ளிக்கிழமை வேறொருவர் பார்க்க வருகிறார் என்றார் பெரியவர். நான் போகாமல், வியாழக்கிழமையே 21,400 டாலரை வங்கி வழியாக நேரடியாக அனுப்பினேன். கார் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் தளத்தின் பாதுகாப்புக் கணக்கு வழியாக அனுப்பினால் கட்டணம் கூடுதலாகும் என்று சொன்னவரும் அவர்தான்.

நான்காம் நாள் மழை பெய்தது. வெளியே நின்றிருந்த காரில் ஏறி உட்கார்ந்தபோது, புதிய கம்பளம் காலடியில் சொதசொதவென்று நனைந்திருந்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். பழைய தரைத் தகட்டின் மேல் புதுத் தகடு ஒன்றை வெறும் ரிவெட் அடித்து ஒட்டி, அதன் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சை வழித்திருந்தார்கள். ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன்; பிஸ்கட்டைக் குத்தியது போல அது உள்ளே இறங்கிற்று, காவி நிறத் தூள் கொட்டியது.

எங்கள் ஊர் மெக்கானிக் காட்டிய பிறகுதான் தண்ணீர் வந்த வழி புரிந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு முன்னால் உள்ள சல்லடைத் துளைகள் வழியாக மழைநீர் ஒரு தகட்டுப் பெட்டிக்குள் இறங்குவது அந்தக் காரின் அமைப்பிலேயே உண்டு. உள்ளே இறங்கிய நீர் இரு பக்கமும் வழிந்து வெளியேற வேண்டும். காற்று போவதற்காக அந்தப் பெட்டிக்குள் எழுப்பியிருக்கும் வட்ட வளையங்கள் துருவில் கரைந்துவிட்டால், நீர் நேராகக் கால்மாட்டில் கொட்டும். சருகும் மண்ணும் அங்கே தங்கி ஆண்டுக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதைச் சரிசெய்ய நூற்றுக்கும் மேற்பட்ட வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும்.

பிறகு அவர் காரின் நடுப்பகுதியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். திறந்திருந்த கதவைச் சாத்தச் சொன்னார். சாத்த முடியவில்லை. வாசல் அடித்தளமும், அதை முன் சட்டத்தோடு இணைக்கும் பெட்டித் தகடும் அரித்துப்போனதால் உடலே வளைகிறது என்றார். பேட்டரிக்குக் கீழே உள்ள சட்டத்தில் என் கட்டைவிரல் நுழையும் ஓட்டை இருக்கிறது. முன் ஸ்பிரிங் ஊன்றி நிற்கும் கோபுரத் தகட்டில் விரிசல், அதன் மேல் பெயிண்ட். பின் மட்கார்டில் காந்தம் ஒட்டவில்லை. தட்டிப் பார்த்தால், இரும்புத் தகட்டுக்குப் பதில் விரற்கடை தடிப்புக்கு அடைத்த பட்டிப் பசை. பிரேக் குழாயும் துரு. 1966 மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஓடும் ஒரே சுற்றுதான், இரட்டைச் சுற்று வந்தது 1967இல்தான். ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும் பிரேக் முழுவதும் போய்விடும். என் மகளை இந்தக் காரில் இரண்டு முறை பள்ளிக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். தகடு வேலைக்கு மட்டும் 16,000 டாலர் ஆகும் என்றார்.

விற்றவரை அழைத்தேன். முதல் நாள், "இந்தக் காரை யாராவது மழையில் நிறுத்துவார்களா?" என்றார். இரண்டாம் நாள், தரை வேலை தனக்கு முன்பிருந்த உரிமையாளர் செய்தது என்றார். மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை. தளத்துக்கு எழுதினேன். 'பரிசோதிக்கப்பட்டது' என்றால் உரிமைப் பத்திரமும் எண்ணும் சரிபார்க்கப்பட்டன என்று மட்டுமே பொருளாம். காரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லையாம். 'உள்ளது உள்ளபடி' விற்பனை என்பதால் தாங்கள் பொறுப்பில்லையாம். நான்கு மின்னஞ்சலுக்கும் ஒரே பதிலை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பப் பெற இயலாது என்று வங்கி கைவிரித்தது. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், 21,400 டாலர் அதன் வரம்பைத் தாண்டிய தொகை. எட்டு ஆண்டுகள் கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்த 21,400 டாலர்.

வழிகாட்டி எழுத இப்போது மனம் ஒப்பவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வைப்பர் அருகே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கால்மாட்டைத் தொட்டுப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். காந்தம் எடுத்துச் செல்லுங்கள். தூக்கி நிறுத்தி, கதவைச் சாத்திப் பாருங்கள். அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

நேற்று இரவு அதே தளத்தில் அதே மனிதர் இன்னொரு மஸ்டாங்கை ஏற்றியிருக்கிறார். 1965 மாடல், வெள்ளை நிறம், 'பரிசோதிக்கப்பட்டது' முத்திரையோடு. படங்களில் கம்பளம் புத்தம் புதிதாக இருக்கிறது.