மஸ்டாங்கா, கோல்ஃபா? டயரைப் பார்த்து எடுத்த முடிவு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பழைய கார்கள் எனக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தன. ஒன்று 2015 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 435 குதிரைத்திறன். இன்னொன்று அதே வருடத்து ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2 லிட்டர் டர்போ எஞ்சின், 210 குதிரைத்திறன். இரண்டிலும் கிளட்ச் மிதித்து கியர் போட வேண்டும். மஸ்டாங் அதிகம் ஓடியிருந்ததால்தான் விலை சமமாக வந்தது. நான் எடுத்தது கோல்ஃப். இன்று மறுபடி கேட்டாலும் அதையே எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதை அந்தச் சாய்வோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் மஸ்டாங் மாதிரி பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க மஸில் கார் பிடிக்காமல் எடுத்த முடிவு இல்லை இது. நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. மஸ்டாங் தயாராகும் ஃபிளாட் ராக் ஆலை நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1995-இல் தொடங்கி ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை என்றால் இங்கே வுட்வர்ட் அவென்யூ என்ற சாலை முழுக்கப் பழைய கார்களின் திருவிழாதான். சாலை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு மூன்று தலைமுறைக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். பழைய கமேரோ, ஜிடிஓ மாதிரி மஸில் கார்கள் மெதுவாக உருண்டு போகும். சிக்னலில் நிற்கும் ஒரு பழைய வி8-இன் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே நெஞ்சில் அதிரும். எரிந்தும் எரியாத பெட்ரோல் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். அதை ஒருமுறை அனுபவித்தவர்கள் யாரும் அந்தக் கார்களை இளக்காரமாகப் பேச மாட்டார்கள்.

இரண்டும் வேறு வேறு மண்ணில் வளர்ந்தவை. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலை நேர், இடம் தாராளம். அதனால் வேகம் வேண்டுமென்றால் நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைப் போட்டார்கள். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ அந்தச் சூத்திரம்தான். ஐரோப்பாவில் தெருக்கள் குறுகல், பெட்ரோலுக்கு வரி, பல நாடுகளில் எஞ்சின் அளவுக்கே தனி வரி. இத்தாலியில் ஒரு காலத்தில் 2 லிட்டரைத் தாண்டிய எஞ்சினுக்கு 38 சதவீதம் வரி. அதற்குத் தப்பவே ஃபெராரிகூட 208 என்று 2 லிட்டர் கார் செய்தது. அங்கே எஞ்சினைப் பெரிதாக்க வழியில்லை. எடையைக் குறைப்பதுதான் ஒரே வழி. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி மூன்று மீட்டரை ஒட்டிய நீளம்தான். அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மான்டி கார்லோ ராலியை வென்றது. 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை 810 கிலோ. 5,000 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கிய அந்தக் காரின் முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்றைய கோல்ஃப் அந்த 810 கிலோவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கார் ஏறக்குறைய 1,375 கிலோ. 1964-இல் வந்த ஆறு சிலிண்டர் மஸ்டாங் இதைவிட லேசானது! எல்லாக் கார்களும் கனத்துவிட்டன. ஆனாலும் இடைவெளி அப்படியே இருக்கிறது. 2015 மஸ்டாங் ஜிடி 1,680 கிலோ. இன்னொரு மஸில் காரான டாட்ஜ் சேலஞ்சரின் ஹெல்கேட் வகை 2 டன்னைத் தொடும்.

எது வேகம் என்ற கேள்விக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. நேர்ச்சாலையில் மஸ்டாங்தான். பெட்ரோலும் தெரிந்த கதை: அரசு மதிப்பீட்டின்படி மஸ்டாங் லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர், கோல்ஃப் 12.

எங்கள் குடியிருப்பில் ஒரு அண்ணன் இருக்கிறார், மதுரைக்காரர். அவரிடம் இதே தலைமுறை மஸ்டாங் ஜிடி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "தம்பி, சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி போயிரும். எடுத்து ஓட்டு, ஆனா மழையில மட்டும் பாத்து மிதி" என்றார். இரண்டு வாரம் ஓட்டினேன். மஸ்டாங்கைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு வாரமும், அவர் கூடவே இருந்து பார்த்த நான்கு வருடமும்தான். சேலஞ்சரிலும் கமேரோவிலும் பயணியாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. நெடுஞ்சாலையில் ஏறும் வளைபாதையில் இரண்டாவது கியரை முழுசாக இழுப்பதற்குள் 70 மைல் வரம்பு வந்துவிடுகிறது. நான்கைந்து விநாடி சொர்க்கம். அதற்குப் பிறகு மீதி இருக்கிற சக்தியை அடக்கி வைத்துக்கொண்டு வீடு வரை ஓட்ட வேண்டும். கோல்ஃபில் மூன்றாவது கியர் வரை இழுக்கலாம், ஏரிக்கரைச் சாலையின் வளைவில் பிரேக்கை விட்டுத் திரும்பலாம், கார் தன்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கும். வேகமானி சட்டத்துக்குள்தான் நிற்கும். என் ரசனைக்கு இதுதான் காரோட்டுவது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ரசனை இல்லை. டயர்.

நான் பார்க்கப் போன மஸ்டாங்கில் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் (பெரிய பிரேக்கும் அகல டயரும் சேர்ந்த கூடுதல் தொகுப்பு) இருந்தது. முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முன்னும் பின்னும் அகலம் (முதல் எண், மில்லிமீட்டரில்) வேறு. கேட்க அழகாக இருக்கும், பின்னாலிருந்து பார்க்க இன்னும் அழகு. ஆனால் முன் டயரைப் பின்னால் போட முடியாது, பின் டயரை முன்னால் போட முடியாது. சக்தி முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போவதால் பின் டயர்தான் முதலில் தேயும். தேய்ந்தால் மாற்றிப் போட்டுச் சமாளிக்க வழியில்லை, புதுசுதான். அண்ணன் நான்கு வருடத்தில் முன் டயரை ஒருமுறை மாற்றினார், பின் டயரை மூன்றுமுறை. அவர் ஒன்றும் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பும் ஆள் இல்லை. அலுவலகம், கோயில், கடை, அவ்வளவுதான்.

என் கோல்ஃபில் நான்கும் ஒரே அளவு, 225/40 ஆர்18. 5,000 மைலுக்கு ஒருமுறை முன்னால் இருப்பதைப் பின்னாலும், பின்னால் இருப்பதை முன்னாலும் மாற்றுகிறேன். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன் டயர் சீக்கிரம் தேயத்தான் செய்யும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் நான்கும் சேர்ந்து தேய்ந்து சேர்ந்து போகும். இங்கே டயரைச் சோதிக்க ஒரு சென்ட் நாணயத்தை எடுத்து, லிங்கனின் தலை கீழே இருக்கும்படி டயரின் பள்ளத்தில் செருகுவார்கள். தலை முழுசாகத் தெரிந்தால் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டது, டயர் மொட்டை என்று அர்த்தம். போன செப்டம்பரில் இரண்டு காரையும் பக்கத்தில் நிறுத்தி இதைச் செய்து பார்த்தோம். என் நான்கு டயரிலும் லிங்கனின் நெற்றி உள்ளே மறைந்தது. மஸ்டாங்கின் முன் டயரிலும் அப்படியே. பின் டயரில், அதுவும் உள்பக்க ஓரத்தில், தலைமுடி வரை வெளியே தெரிந்தது. நிமிர்ந்து நின்று பார்த்தால் அந்தத் தேய்மானம் கண்ணுக்கே படாது. குனிந்து விரலை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் வேர் எடைதான். ஒரு டயரின் மேல் இரண்டு மடங்கு எடை வைத்தால் பிடிமானம் இரண்டு மடங்கு கிடைக்காது, அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் கனமான காருக்கு அகலமான டயர் வேண்டும். அகலமான டயருக்குப் பெரிய ரிம் வேண்டும். அந்தக் கனத்தை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். அந்த மஸ்டாங்கின் முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர், என்னுடையது 312. ஒரே வேகத்தில் போகும்போது மஸ்டாங்கிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அதிகப்படியை வெப்பமாக மாற்றித் தீர்ப்பது பிரேக் பேடும் டிஸ்க்கும் டயரும்தான். காசு அங்கேதான் கரைகிறது. எஞ்சின் பெரிது என்பதற்கு வாங்கும்போது ஒருமுறை விலை கொடுக்கிறோம். கார் கனம் என்பதற்கு மாதா மாதம் கொடுக்கிறோம்.

இதோடு குளிர்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் போகும். மிச்சிகனில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் அதற்கும் கீழேதான். ஆகவே இரண்டாவது செட் டயர் கட்டாயம். எனக்கு அது சுலபமாக முடிந்தது. 225/45 ஆர்17 குளிர்கால டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும், பழைய 17 இன்ச் ரிம் நான்கும் மலிவாகக் கிடைத்தன. மஸ்டாங்குக்கு அந்தப் பெரிய பிரேக்கைத் தாண்டி உட்காரக்கூடிய ரிம்மாகத் தேட வேண்டும். கடையில் எனக்குச் சொன்ன விலையில், இரண்டு செட்டும் சேர்த்து மஸ்டாங்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அண்ணன் அந்த வேலையே வேண்டாம் என்று டிசம்பரில் உறை போட்டு மூடிவிடுவார். ஏப்ரலில் மழை வந்து சாலையில் கொட்டிய உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார். அதுவரை ஓட்ட அவருக்கு இன்னொரு கார் இருக்கிறது. எனக்கு ஒரே கார்தான்.

கோல்ஃப் டயர் விஷயத்தில் குறையே இல்லாதது என்று சொல்லிவிட்டால் பொய். 40 சீரிஸ் டயரில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 40 சதவீதம்தான். இரண்டாவது மார்ச்சில், பனி உருகிச் சாலை பெயர்ந்திருந்த நேரம், தண்ணீர் நிறைந்திருந்த ஒரு குழியைச் சாதாரணத் தேக்கம் என்று நினைத்து ஏறிவிட்டேன். ரிம் வளைந்தது, டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவு புடைத்துக்கொண்டது. அப்புறம் சக்கரத்தை மாட்டுவதும் ஒரு பாடுதான். அமெரிக்கக் கார்களில் ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதில் மாட்டி நட்டைத் திருகினால் போதும். ஃபோக்ஸ்வாகனில் ஹப்பில் வெறும் துளைதான். முழங்காலால் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, துளைக்கு நேராகத் துளை வைத்து, போல்ட்டை உள்ளே விட வேண்டும். கராஜ் தரையில் விரல் மரத்துப்போகும் நவம்பர் குளிரில் இதைச் செய்து பார்த்தால் தெரியும். வழிகாட்டியாக ஒரு பின் விற்கிறார்கள், சில டாலர்தான், முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

எஞ்சின் பராமரிப்பில் மஸ்டாங் பக்கம்தான் நியாயம். டர்போ இல்லாத வி8, அதிகம் புழங்கும் எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், பாகம் பக்கத்துக் கடையிலேயே இருக்கும். ஆயில் மாற்றும்போது 7.6 லிட்டர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். கோல்ஃபுக்கு 5.7 லிட்டர் போதும், ஆனால் அந்த நிறுவனத்தின் தர எண் பொறித்த ஆயிலாகவே பார்த்து வாங்க வேண்டும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் என்பதால் நாளடைவில் உள்வாங்கும் வால்வுகளில் கரி படியும், ஒருநாள் சுத்தம் செய்தாக வேண்டும். டிஎஸ்ஜி தானியங்கி கியர் வாங்கினால் 40,000 மைலுக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றும் செலவு வேறு. நான் கிளட்ச் வண்டியில் உறுதியாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். என் கார் இன்னும் ஒரு லட்சம் மைலைத் தொடவில்லை. அதைத் தாண்டியும் இந்தக் கணக்கு எனக்குச் சாதகமாகவே இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இடவசதியில் ஒரு சின்னத் திருத்தம். மஸ்டாங்கின் டிக்கி சிறியது என்பார்கள். உண்மையில் ஆழம் தாராளம், வாய்தான் குறுகல். இருபது கிலோ அரிசி மூட்டை நான்கு வைக்கலாம், குழந்தையின் தள்ளுவண்டியை நுழைக்க முடியாது. கோல்ஃபில் பின்கதவு கூரை வரை திறக்கும், சீட்டை மடக்கினால் ஒரு சின்ன ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவரலாம். பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரலாம். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது மஸ்டாங்கின் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிப்பா ஏறுறது?" என்று கேட்டார்.

மறுவிற்பனையில் மஸ்டாங் ஜிடி தேவலை என்றே நினைக்கிறேன். இந்த ஊரில் வி8-க்கு ஆள் எப்போதும் இருக்கிறார்கள். சேலஞ்சர் 2023 டிசம்பரில் நின்றது, கமேரோவும் ஏறக்குறைய அதே நேரத்தில் நின்றது. மிச்சமிருப்பதற்கு மதிப்பு கூடலாம். ஆனால் கோல்ஃபும் அரிதாகி வருகிறது. அமெரிக்காவில் சாதாரண கோல்ஃபை 2021 மாடலோடு நிறுத்திவிட்டார்கள், ஜிடிஐயில் கிளட்ச் கியர் 2024 மாடலோடு போய்விட்டது. நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை, அதனால் இதை வைத்து நீங்கள் முடிவு எடுக்க வேண்டாம்.

வீட்டில் இரண்டாவது கார் இருக்கிறது, பனிக்காலத்தில் மூடி வைக்கலாம், வி8 சத்தம் கேட்டால் அன்றைய அலுப்பு போகிறது என்றால் மஸ்டாங் வாங்குங்கள், மனதார வாங்குங்கள். ஒரே கார், தினமும் எடுக்க வேண்டும் என்றால் கோல்ஃப் மாதிரி ஹேட்ச்பேக்.

எதுவானாலும், பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம் 3519 என்றிருந்தால் 2019-இன் 35-வது வாரம் செய்த டயர். நான்கு டயரிலும் பாருங்கள், உள்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நான் பார்த்த மஸ்டாங்கில் முன் டயர் ஒரு வருடம், பின் டயர் வேறு வருடம், உள்பக்கம் வழுவழுவென்று இருந்தது. புது செட்டின் விலையைக் கூட்டிப் பார்த்தேன். பக்கத்து ஊரில் நின்றிருந்த கோல்ஃபுக்கு அன்று மாலையே போன் செய்தேன்.