தினமும் மெஷினா, ஞாயிறு மட்டுமா, இஞ்ச் டேப்பா?

பொங்கல் முடிந்த வாரத்தில் நானும் என் கணவரும் ஒரே நாளில் எடை குறைக்க ஆரம்பித்தோம். மேற்கு மாம்பலத்தில் ஒரே வீடு, ஒரே குக்கர் சாதம், மாலையில் நடேசன் பூங்காவில் ஒரே நடை. கணக்கு வைப்பதில் மட்டும் ஆளுக்கொரு வழி. நான் தினமும் காலையில் எடை பார்ப்பேன், அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நடுவில் ஊரிலிருந்து வந்த நாத்தனார், "மெஷினை நம்பாதீங்க அண்ணி, டேப் வச்சு இடுப்பை அளங்க" என்றாள். ஐந்து மாதம் இந்த மூன்றையும், கூடவே கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினையும் பயன்படுத்திப் பார்த்தோம். மனதில் நின்றதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. ஒரு நாளைக்கு 300 கலோரி குறைத்தால் அன்றைக்குக் கரைவது சுமார் 40 கிராம். வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் மெஷின்களில் பல 100 கிராம் படியாகத்தான் காட்டும். அதே உடம்பு காலைக்கும் இரவுக்கும் ஒரு கிலோ ஆடும். அந்த ஒரு கிலோ ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் 40 கிராமை எந்த முறை நமக்குக் காட்டிக்கொடுக்கும்? எனக்கு வேண்டியிருந்த பதில் அதுதான்.

தினமும் பார்ப்பதும் ஞாயிறு மட்டும் பார்ப்பதும்

என் நோட்டிலிருந்து அடுத்தடுத்த இரண்டு வாரங்களை அப்படியே தருகிறேன். எல்லாமே காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் எடுத்தவை.

முதல் வாரம், ஞாயிறு தொடங்கி: 71.8, 71.2, 71.9, 72.4, 71.6, 71.3, 71.5.
இரண்டாம் வாரம்: 71.0, 71.7, 72.1, 71.4, 71.1, 70.9, 71.3.

ஞாயிறு மட்டும் பார்க்கிறவருக்கு இது 800 கிராம் குறைவு. செவ்வாய்தோறும் பார்க்கிறவருக்கு 200 கிராம் கூடியிருக்கிறது, அவர் அன்றைக்கே மனம் விட்டுப்போயிருப்பார். புதன்கிழமைக்காரருக்கு ஒரு கிலோ குறைந்திருக்கிறது, அவர் ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டிருப்பார். உடம்பு ஒன்றுதான், வாரங்களும் அதே இரண்டுதான். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 71.67, இரண்டாம் வாரம் 71.36. உண்மையான இறக்கம் சுமார் 300 கிராம். என் சாப்பாட்டுக் கணக்கோடு ஒத்துப்போனது இது ஒன்றுதான்.

அதனால் இந்த இரண்டில் என் ஓட்டு தினசரிக்கு. ஆனால் நிபந்தனை உண்டு: அன்றன்றைய எண்ணை எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும். வாரக் கடைசியில் வருகிற சராசரிதான் பேச வேண்டும். முதல் மாதம் எனக்கு அது முடியவில்லை. அந்தப் புதன்கிழமை 72.4ஐப் பார்த்துவிட்டு காலைச் சாப்பாட்டையே விட்டேன். மத்தியானம் தலைவலி, சாயங்காலம் பசியில் இரண்டு மடங்கு சாப்பாடு.

அன்றைக்கு நடந்தது என்ன? முந்தின நாள் இரவு ஒரு கல்யாண ரிசப்ஷன். சாம்பார், வற்றல் குழம்பு, அப்பளம் இரண்டு, மாங்காய் ஊறுகாய். எல்லாம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்குப் பொருந்துகிற அளவு அது. வழக்கத்தைவிட நாலரை கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியே தள்ளும்வரை அரை லிட்டர் வரை நீர் கூடவே தங்கும். அரை லிட்டர் நீர் அரை கிலோ. என் மெஷின் செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் காட்டிய ஏற்றம் சரியாக அதுதான். ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பந்தியில் அதைத் தாண்டுவது சுலபம்.

சாதமும் இப்படித்தான். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் நீரும் தங்கும். ராத்திரி சாதத்தை நிறுத்திய முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ போச்சு என்று சந்தோஷப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி அந்த நீர். ஒரு வெண்பொங்கல் காலையில் கொஞ்சம் திரும்பி வரும். திரும்பி வந்ததும், "என் உடம்பு வாகே இப்படி" என்று விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடம்பில் தப்பில்லை, கணக்கைப் படித்த விதத்தில்தான் தப்பு.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் நீர் கோத்து எடை ஏறுவது சகஜம். அதனால் நாங்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நியாயம். புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தாலும் தசை வலி தீரும்வரை நீர் தங்கி எடை கொஞ்சம் ஏறும்.

கத்திரி வெயில் நேரத்தில் நேர்மாறு. மே மாதம் ஒரு சாயங்காலம் ஒரு மணி நேர நடைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன்: 700 கிராம் இறங்கியிருந்தது. வந்ததும் சொம்பு நிறைய மோர் குடித்தேன், அதுவும் திரும்பி வந்துவிட்டது. கடற்கரையில் சிலர் வியர்வைக்காக பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சென்னை வெயிலில் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ள இருக்கிற ஒரே பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். அதை மூடிவிட்டால் கொழுப்பு கரையாது, மயக்கம்தான் வரும்.

இதய பலவீனம் உள்ளவர்களை டாக்டர்கள் தினமும் எடை பார்க்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஒற்றை நாள் எண்ணே முக்கியம். நமக்கு ஏழு நாள் சராசரி.

ஞாயிறு முறையில் ஒரு நல்லது உண்டு, மனசுக்கு நிம்மதி. வாரம் முழுக்க அந்த எண் தலையில் ஓடாது. என் கணவருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சனிக்கிழமை இரவு வெளியே சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டில் ஞாயிறு காலை எடை எப்போதும் ஏறித்தான் நிற்கும். வாரம் ஒருமுறைதான் என்றால் வியாழனோ வெள்ளியோ வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வாரப் போக்கைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்புறம் மெஷினை வைக்கிற இடம். பாய் மேல், கால்மிதி மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். எங்கள் பழைய வீட்டு மொசைக் தரையில் ஒரு மூலை லேசாக இறங்கியிருக்கிறது. அங்கே வைத்தால் ஒரு எண், பூஜை அறை வாசலில் வைத்தால் வேறு எண். வாசலருகே ஒரு சதுரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அங்கேயே வைக்கிறோம்.

இஞ்ச் டேப்

என் கணவர் 174 சென்டிமீட்டர் உயரம், 72 கிலோ. கை கால் ஒல்லி, சட்டையை உள்ளே விட்டால் மட்டும் தொப்பை தெரியும். ஞாயிறு எண்ணைப் பார்த்து, "நான் ஓகேதான், உனக்குத் துணையாத்தான் நடக்கிறேன்" என்பார். நாத்தனார் பேச்சைக் கேட்டு அளந்தோம். 95 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்ற இன்னொரு கணக்கிலும் அவர் 87க்குள் இருந்திருக்க வேண்டும். அந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1. அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், 5.7க்கும் 6.4க்கும் நடுவில். எடை மெஷின் இதை ஒரு நாளும் சொல்லியிருக்காது.

நம் ஊர் உடம்பின் தன்மை இது. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை: எடைக் குறியீட்டின்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்தால் தப்பிவிடுகிறவர்கள் இத்தனை பேர்.

அளக்கிற விதம் முக்கியம். பேண்ட் கட்டுகிற இடம் இடுப்பு அல்ல. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டி, "நான் 34 சைஸ்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம், அளவு மாறாது. கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் முனையைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். துணி மேல் வேண்டாம். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்ததும் பாருங்கள், வயிற்றை எக்க வேண்டாம். கண்ணாடி முன் நின்றால் பின்பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். இரண்டு முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். பழைய துணி டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும். எங்கள் தையல் பெட்டியில் இருந்ததை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் ஏமாற்றியது. புதிது வாங்கினோம்.

டேப்பின் குறை, மெதுவாகத்தான் பேசும். ஒரு சென்டிமீட்டர் கைப்பிழை எளிதில் வரும் என்பதால் தினமும் அளப்பதில் பயனில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் மார்ச்சில் என் எடைச் சராசரி மூன்று வாரம் அசையாமல் 70.2ல் நின்றபோது, டேப் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அது இல்லாவிட்டால் அன்றைக்கே நடையை நிறுத்தியிருப்பேன். ஐந்து மாதத்தில் நான் 72.6லிருந்து 67.9க்கு வந்தேன், இடுப்பு 96லிருந்து 89. அவருக்கு எடை இரண்டு கிலோதான் குறைந்தது, இடுப்போ 95லிருந்து 90க்கு வந்தது.

ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எடை மெஷினை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள் என்பேன். கை கால் ஒல்லியாக இருக்கிற ஆண்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்.

கொழுப்பு காட்டும் மெஷின்

காலடியில் உலோகத் தகடு உள்ள இந்த மெஷின்கள் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மிகச் சிறிய மின்சாரத்தை ஒரு காலில் விட்டு மறு காலில் எடுத்து, எவ்வளவு தடை இருந்தது என்று பார்க்கின்றன. நீர் நிறைந்த தசை வழியாக மின்சாரம் எளிதில் போகும், கொழுப்பு தடுக்கும். மிச்சமெல்லாம் வயது, உயரம், பாலினத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் நின்றால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும்.

நான் போய்ப் பார்த்த ஒரு ஜிம்மில் வெயிலில் நடந்து வந்த நேரத்தில் ஏற்றி நிறுத்தி, 41 சதவீதம் என்று அச்சடித்துக் கையில் கொடுத்து, ஆறு மாத பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை வீட்டு மெஷினில் 36. இரண்டில் எது சரி என்று யோசிப்பதே வீண், இரண்டும் வேறு மெஷின், வேறு நேரம். அந்தத் தாளை வைத்து எனக்கு அழுகை வந்தது என்பதால் எழுதுகிறேன். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் போக்கைப் பார்க்க இது உதவும், அவ்வளவுதான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதில் ஏறவே கூடாது.

துணியைப் பற்றியும் கேட்பார்கள். நைட்டியும் எலாஸ்டிக் பேண்ட்டும் எதையும் சொல்லாது. ஜாக்கெட் கொக்கி மார்பையும் கையையும்தான் காட்டும். இழுபடாத பழைய பேண்ட் ஒன்றை மாதம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும், செலவில்லாத முறை.

மெஷின் இருந்த இடம்

முதல் இரண்டு மாதம் மெஷின் ஹாலில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. பதினான்கு வயது மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும் ஏறி நிற்பாள். அப்புறம் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை. ஒருநாள் இரவு தோசை வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "400 கிராம் ஏறியிருக்கும்மா" என்றாள். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறத்தான் வேண்டும். பெரியவர்களுக்குச் சொன்ன எல்லை எண்கள் அவர்களுக்குப் பொருந்தாது, குழந்தை டாக்டர் வயதுக்கான வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அவளை உட்கார வைத்து உப்பு, நீர், 40 கிராம் கணக்கு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் மெஷினை எங்கள் அறை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். காலையில் வெளியே எடுத்து, சாக்பீஸ் சதுரத்தில் வைத்து, எழுதிக்கொண்டு, அவள் எழுவதற்குள் உள்ளே வைத்துவிடுகிறேன்.