உறை போர்த்திய கருவியும் நான்கரை மணி நேர வரிசையும்

பதினோரு ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழும் நான், இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது அம்மாவை மூன்று முறை அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர் எடுத்துக்கொள்ளும் மருந்துகள் இரண்டு ஆண்டுகளாக மாறவில்லை. ஆயினும் அதே மாத்திரைகளை மாதந்தோறும் வாங்குவதற்கு, காய்ச்சலோடு வந்த குழந்தைகளும் காயத்தோடு வந்தவர்களும் நிற்கும் அதே வரிசையில், 72 வயதில் அவரும் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கினோம். மருந்துடன் வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. மருத்துவர் அவரைப் பார்த்தது இரண்டே நிமிடம்.

அந்த மருத்துவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் பேசிப் பார்த்ததில், எங்களைச் சுற்றி நின்றவர்களில் பலர் பழைய மருந்துக்காகவே வந்திருந்தனர். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, இடையில் செவிலியரே அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து குறித்துவைத்தால், அந்த வரிசை வெகுவாகக் குறைந்துவிடும். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டாம் முறை, முந்தைய இரத்தப் பரிசோதனையின் முடிவு கிடைக்காததால் அதே பரிசோதனையை மறுபடியும் செய்தார்கள்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் வாழும் நாங்கள் பலர் சேர்ந்து அம்மருத்துவமனைக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கிக் கொடுத்திருந்தோம். அது இப்போது உறை போர்த்தப்பட்டு ஓர் அறையில் நிற்கிறது. அதை இயக்கியவர் இடமாற்றமாகிச் சென்றபின் அவருடைய இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. இவற்றைக் கேட்டறியாமல் பணத்தை மட்டும் அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு அறிக்கையில், மருத்துவச் செலவில் 20 முதல் 40 சதவீதம் வரை திறனற்ற பயன்பாட்டால் வீணாவதாக மதிப்பிட்டது. அந்தக் கருவியின் முன் நின்றபோது அந்த எண் எனக்கு வெறும் புள்ளிவிவரமாகத் தெரியவில்லை. முறைகள் சீர்ப்படாத இடத்தில் கூடுதல் நிதி சேர்ந்தால், இன்னொரு அறையில் இன்னொரு கருவிதான் நிற்கும் என்று அஞ்சுகிறேன். அதே வேளையில், சீர்திருத்தம் என்ற பெயரில் நிதியைக் குறைப்பதை நான் ஏற்கவில்லை. மூன்றாம் முறை அம்மாவை ஓரிரவு தங்கவைத்தபோது, நாற்பது படுக்கைகளுக்கு இரண்டு செவிலியர்கள் ஓடிக்கொண்டிருந்தனர். அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கப் பணம் வேண்டும், உடனடியாக வேண்டும்.

திரும்புவதற்கு முன், மருத்துவமனை நிர்வாகத்துக்குக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பழைய மருந்துக்குத் தனி வரிசை, நோயாளரிடமே இருக்கக்கூடிய பதிவேடு, அந்தக் கருவிக்கு ஒரு நியமனம் ஆகிய மூன்றையும் அதில் கேட்டிருக்கிறேன். அடுத்த நிதி திரட்டலுக்கு நண்பர்கள் அழைத்தபோது, அக்கடிதத்தின் நகலை அவர்களுக்கும் அனுப்பினேன்.