ஹப் ரிடக்‌ஷனா, சாதா கிரவுனா?

லாரியின் பின் ஆக்ஸிலில், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் அச்சில், இரண்டு வகை: வேகத்தை நடுவில் மட்டும் குறைக்கும் சாதா கிரவுன், சக்கரத்திலும் குறைக்கும் ஹப் ரிடக்‌ஷன். எது எந்த வண்டிக்கு? இன்ஜினில் 250 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தால் டயருக்கு அவ்வளவும் வராது. கியர்பாக்ஸ், ஜாயிண்டு, ஆக்ஸில் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 15 சதவீதம் போனால்கூட மிச்சம் 212தான். போனது எங்கே? லோடு இறக்கியதும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (ஆக்ஸிலின் நடுவில் கியர்கள் இருக்கும் கூடு) பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தச் சூடுதான் அது. டீசல் போட்டு வாங்கிய சூடு!

சாதா ஆக்ஸிலில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்ன பல்சக்கரமும் மட்டும்தான் வேகத்தைக் குறைக்கின்றன. பல் உரசுவது ஒரே இடத்தில், எண்ணெயைக் கலக்குவதும் ஒரே இடத்தில். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இதுவே போதும்.

ஹப் ரிடக்‌ஷனில் வேலை இரண்டாகப் பிரிகிறது. மொத்த விகிதம் 7 என்றால் (பினியன் 7 சுற்று சுற்ற, சக்கரம் ஒரு சுற்று), கிரவுனில் 2, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் உள்ள சின்ன கியர்களில் 3.5 என்று வைக்கலாம். அப்போது கிரவுனிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு விசை, சக்கரத்தில் இருப்பதில் மூன்றரையில் ஒரு பங்குதான். சேற்றில் மாட்டி டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஷாஃப்ட் ஒடியாமல் இருப்பது இதனால்தான். கிரவுன் சிறிதாவதால் ஆக்ஸிலின் நடு வயிறும் மேலே ஏறும். குவாரிக் கல் இடிக்காது. ஆனால் கூடுதல் பற்கள், இரண்டு பக்கமும் தனி எண்ணெய், கூடுதல் எடை. காலியாகத் திரும்பும்போதும் இந்த உராய்வு விடாது.

குவாரி டிப்பருக்கு ஹப் ரிடக்‌ஷன் சரி. நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு அடிக்கும் வண்டிக்கு அதை மாட்டுவது எனக்குப் பிடிக்காத செலவு.