போஸ்ட்டாக்ல இருந்துட்டே என்ஐடபிள்யூ போட எடுத்த லா ஃபர்ம் - என் ரிவ்யூ

நான் பிஎச்டி முடிச்சு தற்காலிக ஆராய்ச்சி வேலைல (போஸ்ட்டாக்) இருக்கேன், என்ஐடபிள்யூங்கறது (நேஷனல் இன்டரஸ்ட் வேவர்) யுஎஸ் க்ரீன் கார்டுக்கு எம்ப்ளாயர் இல்லாம போடற பெட்டிஷன். ஃபர்ம் பேர் போடல, ஐ-485 (க்ரீன் கார்டுக்கான கடைசி கட்ட அப்ளிகேஷன்) நேரம் வந்தா திரும்ப அவங்ககிட்டயே போக வேண்டி வரலாம். யுஎஸ்ல ரிசர்ச்சர் கேஸா தேடித்தேடி எடுக்கற, சிவி அனுப்பினா காசில்லாம பாத்து சொல்ற டைப் ஆபீஸ். 5க்கு 3 குடுப்பேன். நிரந்தர வேலைல உக்காந்திருக்கறவங்க தாராளமா 4 குடுக்கலாம், ஆனா வருஷா வருஷம் கான்ட்ராக்ட் ரின்யூ ஆகுமா ஆகாதான்னு பாத்துட்டு இருக்கற போஸ்ட்டாக்குக்கு 3 தான், ஏன்னா இவங்க டெம்ப்ளேட்ல டெம்பரவரி வேலைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல.

நல்லத முதல்ல சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் கால்ல பேசின அட்டர்னி சுத்தி வளைக்கல. இபி-1பி (சிறந்த ஆராய்ச்சியாளர்களுக்கான க்ரீன் கார்டு கேட்டகரி) உங்களுக்கு இப்ப ஆகாதுன்னு நேராவே சொல்லிட்டாங்க, அத எம்ப்ளாயர் தான் ஃபைல் பண்ணணும், வேலை டெனூர் (நிரந்தர பேராசிரியர் பதவி), டெனூர் ட்ராக், இல்லனா முடிவு தேதி இல்லாத ரிசர்ச் போஸ்ட்டா இருக்கணும். என் ஆஃபர் லெட்டர்லயோ ஜூன் 30 வரைக்கும்னு கொட்டை எழுத்துல இருக்கு. பின்னாடி ரிசர்ச் சயன்டிஸ்ட் டைட்டில் கிடைச்சு, கான்ட்ராக்ட் வருஷத்துக்கு ஒண்ணா இருந்தாலும் வேலை தொடரும்னு யுனிவர்சிட்டி எழுதி குடுத்தா அப்ப பாக்கலாம்னாங்க. அசாதாரண திறமைக்கான இபி-1ஏவையும் என் தலைல கட்டல. 10ல 3 கண்டிஷன் டிக் ஆகிடும், ஆனா 2010 கசாரியன் தீர்ப்புக்கு அப்புறம் ஆபீசர் மொத்தமா வச்சு இன்னொரு ரவுண்டு எடை போடுவாரு, அங்க உங்க சைட்டேஷன் (மத்தவங்க உங்க பேப்பர மேற்கோள் காட்டின எண்ணிக்கை) பத்தாதுன்னு சொன்னாங்க. கொஞ்சம் கடுப்பா தான் இருந்துச்சு, ஆனா நியாயம். கடைசில 2016 தனசார் தீர்ப்பு போட்ட மூணு கேள்வி வழியா என்ஐடபிள்யூ போடலாம்னு முடிவாச்சு, நாமளே நமக்கு போட்டுக்கலாம், லேப் மாறினாலும் பெட்டிஷன் சாகாது.

ப்ரீமியம், அதாவது கூட காசு கட்டி சீக்கிரம் பதில் வாங்கற விஷயத்துலயும் நேர்மையா இருந்தாங்க. அப்ப அதுக்கு ஃபீஸ் 2,805 டாலர், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாள்ல பதில். இந்தியால பொறந்தவங்களுக்கு ப்ரையாரிட்டி டேட் (க்யூல நம்ம இடத்த முடிவு பண்ற தேதி) ஃபைல் பண்ற அன்னைக்கே விழுந்துடுது, அதுக்கப்புறம் என்ஐடபிள்யூ வர்ற இபி-2 கேட்டகரி க்யூல வருஷக்கணக்கா நிக்கறத எந்த ப்ரீமியமும் குறைக்காது, எச்-1பி வேலை விசா ஆறு வருஷம் முடியற கட்டத்துல இருந்தா மட்டும் ஐ-140 (இந்த பெட்டிஷனோட ஃபார்ம்) அப்ரூவல காட்டி நீட்டிக்கலாம், அதுக்காக ப்ரீமியம் கட்டுங்கன்னாங்க. காசு கறக்கற ஆபீஸ் இப்படி சொல்லாது.

இனி கடுப்பு. சைன் பண்ணதும் அட்டர்னி காணாம போய்ட்டாங்க, எல்லாம் பாராலீகல் (வக்கீலோட உதவியாளர்) தான். பெட்டிஷன் லெட்டர் முதல் டிராஃப்ட்ல நான் என்ன பண்ணப்போறேன்ங்கற இடத்துல "பேட்டரி துறையில் ஆராய்ச்சியைத் தொடர்வார்", அவ்ளோதான். இது வேலையோட பேர், பெட்டிஷன்ல கேக்கற எண்டேவர் (குறிப்பா என்ன செய்யப்போறோம்ங்கறது) இல்ல. லித்தியம் மெட்டல் செல்லுல டென்ட்ரைட் (ஊசி மாதிரி உலோகம்) வளராம தடுக்கற எலக்ட்ரோலைட்டுன்னு நான் ஃபார்ம்ல பக்கம் பக்கமா எழுதி குடுத்தத எவனும் படிக்கல. அதுக்கு கீழயே இன்னொரு வரி, இந்த யுனிவர்சிட்டில நிரந்தரமா வேலை பாப்பாராம்! கூடவே ஆதாரமா (எக்சிபிட்) இணைச்சது அதே ஜூன் 30 லெட்டர். ஆபீசர் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா என்ன நினைப்பாரு?

ரெகமண்டேஷன் லெட்டரும் அதே கதை தான், யார் பேர்ல வந்தாலும் ரெண்டாவது பாராவுல அதே வாக்கியம், வார்த்தை கூட மாறல, என்கூட வேலையே பாக்காத ஒரு ப்ரொஃபசர் என் லேப் பழக்கத்தெல்லாம் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி வர்ணிக்கறாரு. அவரையெல்லாம் நாம சேத்ததே இண்டிபெண்டண்ட் சாட்சியா தானே, அதையே கெடுத்து வச்சிருந்தாங்க. உக்காந்து எல்லாத்தையும் நானே திருத்தினேன்.

அப்படியும் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்துச்சு, தனசார் மூணு கேள்வில ரெண்டாவதுல, இந்த வேலைய முன்னெடுத்துட்டு போற நிலைமைல இருக்காரான்னு. போஸ்ட்டாக் கேஸ்ல எதிர்பாக்க வேண்டிய கேள்வி தான், கான்ட்ராக்ட் முடிஞ்சா லேபும் கருவியும் யாரு தருவான்னு கேக்கறாங்க. ஃபர்ம் முதல்ல சொன்ன யோசனை இன்னும் நாலு சைட்டேஷன் டேபிள் சேக்கலாம்னு, அட ராமா! நான் அடம்பிடிச்சு அட்டர்னிய லைன்ல வரவச்சேன், அந்தம்மா வந்ததும் வேற லெவல். பிஐகிட்ட (லேப் தலைவர்) கிராண்ட் எந்த வருஷம் வரைக்கும் ஓடுது, அதுல என் பங்கு என்னன்னு லெட்டர், வேற ஒரு லேப் என் மெட்டீரியல டெஸ்ட் பண்ண ஒத்துக்கிட்ட ஈமெயில், அடுத்து எந்த மாதிரி போஸ்ட்டுக்கு அப்ளை பண்றேன்னு ஒரு ப்ளான், நிரந்தரம்ங்கற வார்த்தை மொத்தமா தூக்கிட்டோம். அதிகபட்சம் 12 வாரம் கெடு, அதுக்குள்ள அனுப்பி அப்ரூவல் வந்துச்சு. இத ஆரம்பத்துலயே பண்ணிருக்கலாம்ல?

ஜே-1 எக்ஸ்சேஞ்ச் விசால இருக்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க. இவங்க இன்டேக் ஃபார்ம்ல ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல போய் இருக்கணும்ங்கற ஹோம் ரெசிடென்சி கண்டிஷன் இருக்கான்னு கேள்வியே இல்ல. அது இருந்தாலும் ஐ-140 போடலாம், ஆனா அந்த ரெண்டு வருஷத்த முடிக்காம, இல்லனா வேவர் (விலக்கு) வாங்காம எச்-1பிக்கும் ஐ-485க்கும் போக முடியாது, ஐ-140 போட்டப்புறம் ஊருக்கு போய் ஜே-1 ஸ்டாம்பிங் கேட்டாலும் இழுபறி தான். நீங்களா எடுத்து சொல்லுங்க.

அப்ரூவ் ஆகலைன்னா பணம் வாபஸ்னு போட்டிருப்பாங்க, அது அவங்க ஃபீஸ் மட்டும் தான், கவர்மென்ட்டுக்கு கட்டற 715ம் செல்ஃப் பெட்டிஷனருக்கான 300ம் போனது போனதுதான். அக்ரிமெண்ட்ல ஒரு குட்டி வரி வேற, கேஸ் நடக்கும்போது வேலைல பெரிய மாற்றம் வந்தா வாபஸ் கிடையாதாம். போஸ்ட்டாக்குக்கு வேலை மாறாம வேற என்ன ஆகும்? சைன் பண்றதுக்கு முன்னாடி அந்த வரிய எடுக்க சொல்லி கேளுங்க, எனக்கு எடுத்து குடுத்தாங்க.