சீனி இருக்கோ என்று முதல் கேட்கிற பாமசி

வெள்ளவத்தையில் ஒரு சின்னப் பாமசி. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் போடட்டுமா என்று கேட்டபோது கடைக்காரரே "வேண்டாம் அக்கா, இப்பவே நிக்க இடமில்லை" என்று சொல்லிவிட்டார். காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று, வாசலுக்கு உள்ளே ஒரு நீல வாங்கு கிடக்கும், அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவே போதும்.

எனக்குச் சீனி வருத்தம் வந்து 9 வருடம். காலையும் இரவும் மெட்ஃபோர்மின், காலையில் ஒரு கிளிக்கிளசைட், போன வருடத்தில் இருந்து எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒன்று. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 120, 130 என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மழை, 101 பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கொள்ளுப்பிட்டியில் தொடங்கி வெள்ளவத்தை வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தார். பழியை அவர் மேல் போட முடியாது, அதற்கு முதலே எனக்குத் தொண்டை கரகரத்தது, ஆனாலும் மனதுக்குள் போட்டுவிட்டேன்.

அன்றிரவு போனது இந்தக் கடைக்கு இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, மூன்று கவுண்டர் உள்ள ஒரு பெரிய கடைக்கு. "தடிமன், இருமல்" என்றேன். கவுண்டரில் நின்ற பிள்ளை ஒரு போத்தல் சிவப்புப் பாணியையும் ஒரு கார்ட் தடிமன் குளிசையையும் எடுத்து வைத்தது, காசைக் கொடுத்தேன், வந்தேன். அது ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே பிழையில் பாதி என்னுடையது. இரவு இரண்டு கரண்டி, விடியப்புறம் இருமல் எழுப்ப இன்னும் இரண்டு கரண்டி, நடுவில் தொண்டைக்கு மிட்டாய் மாதிரி அந்த லொசெஞ்சர் நாலைந்து. அப்படியான சாதாரண லொசெஞ்சர் ஒன்றில் இரண்டு கிராமுக்கு மேல் சீனி இருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. காலையில் பார்த்தால் 214.

சரி, காய்ச்சலும் இலேசாகக் காய்கிறது, விற்றமின் சி நல்லது என்று மாமி ஒரு தோடம்பழத்தைக் கையில் தந்தார். உரித்துச் சாப்பிட்டேன். பத்து நிமிடம் கழித்து மனம் கேட்காமல் திரும்பவும் விரலில் குத்தினேன். 291. பத்து நிமிடத்தில் இவ்வளவா! கை நடுங்கிவிட்டது. கீழ் வீட்டு அன்ரிதான் "ஆஸ்பத்திரிக்கு ஓட முதல் ஒழுங்கைப் பாமசியில ஒருக்காக் காட்டுங்கோ, அந்தத் தம்பி விசயம் தெரிஞ்சவர்" என்றார். என் கணவர் என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார், மெஷினும் கையில்.

அந்தத் தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, சான்றிதழில் இருக்கிற ஆளே கவுண்டரிலும் நிற்கிறார், கொழும்பில் இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. முதல் கேள்வி, "அக்காவுக்குச் சீனி இருக்கோ?" இரண்டாவது, "பிரஷர்?" மூன்றாவது, காய்ச்சல் எத்தனை நாள். அப்புறம் 291 கதையைச் சொன்னேன். மெஷினை வாங்கிப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"குத்த முதல் என்ன செய்துகொண்டிருந்தீங்கள்?"

"தோடம்பழம் உரிச்சனான்."

"கை கழுவினீங்களோ?"

இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன் என்றேன். பழச்சாறு விரலில் காய்ந்திருந்தால் பஞ்சால் துடைப்பது போதாது, அந்த ஒரு துளி இரத்தத்தோடு பழத்தின் சீனியும் சேர்ந்து மெஷினுக்குள் போகும் என்றார். பின்னுக்கு இருந்த பைப்பைக் காட்டினார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 198. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் அவர் என் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, "கடல் காத்துப் படுற வீடு, இதைத் திறந்து வைக்காதேங்கோ, ஈரம் பட்டால் கணக்குப் பிழைக்கும்" என்றார். ஒன்பது வருடமாக மெஷின் வைத்திருக்கிறேன், இந்த இரண்டையும் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

198 என்பதும் கூடத்தான். பாணியைத் திட்டத் தொடங்கினேன், அவர் விடவில்லை. பாணியில் சீனி இருக்கிறது உண்மை, ஆனால் தடிமன் காய்ச்சல் என்று வந்தாலே உடம்பு கோர்ட்டிசோல், அட்ரினலின் என்று ஹோமோன்களை விடும், அது ஈரலில் இருக்கிற சீனியை வெளியே தள்ளும், இன்சுலினையும் ஒழுங்காக வேலை செய்ய விடாது, அதனால்தான் பட்டினி கிடந்தாலும் ஏறுகிறது என்றார். நான் "சாப்பிடேல்ல, அதால குளிசையும் போடேல்ல" என்று சொல்ல இருந்ததை விழுங்கிக்கொண்டேன். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் சாப்பிடவில்லை என்று தாங்களாகவே ஊசியை நிறுத்துவது அதைவிட ஆபத்தாம்.

என் குளிசைப் பட்டியலைப் பார்த்தார். எம்பாகிளிஃப்ளோசினில் விரலை வைத்து, "இதில நான் முடிவெடுக்கேலாது, இங்கை நிண்டே டொக்டருக்கு ஒரு கோல் எடுங்கோ" என்றார். எடுத்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்கிற வரைக்கும் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார் டொக்டர். உடம்பில் தண்ணி வற்றினால் அந்தக் குளிசையோடு இரத்தத்தில் கீற்றோன் என்கிற அமிலம் கூடலாம், சீனி பெரிதாக ஏறாமலே கூடலாம், மெஷினை மட்டும் நம்பி இருந்தால் தெரியாது. சத்தி, வயிற்றோட்டம் வந்தால் மெட்ஃபோர்மினையும் நிறுத்திவிட்டு உடனே தனக்குச் சொல்லச் சொன்னார். கிளிக்கிளசைட் வேறு மாதிரி, சாப்பாடு குறைந்தால் சீனி இறங்கிவிடும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்க்கச் சொன்னார். இது எனக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் வியாபாரம். இதுதான் வேடிக்கை, பாதியை அவர் விற்கவே இல்லை. பழைய தடிமன் குளிசையைத் திருப்பிப் பார்த்து, மூக்கடைப்புக்குப் போடுகிற மருந்து பிரஷரை ஏற்றும் என்று ஒதுக்கி வைத்தார், அதற்குப் பதில் உப்புத் தண்ணி மூக்குச் சொட்டு. உடம்பு உளைவுக்கு வேறு குளிசை கேட்டேன், காய்ச்சல் இருக்கும்போது பனடோல் மட்டும்தான், டெங்குவா இல்லையா என்று தெரியாமல் புரூஃபன் வகை ஒன்றும் தரமாட்டேன் என்றார். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். திடீரென்று கடும் காய்ச்சலும் உடம்பு முறிகிற வலியும் வந்தால் அது வெறும் தடிமனாக இல்லாமல் இன்ஃபுளுவென்சாவாக இருக்கலாம், சீனிக்காரர் இரண்டு நாளுக்குள்ளே டொக்டரிடம் போனால்தான் அதற்கான மருந்து நன்றாக வேலை செய்யும் என்றும் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயா அமொக்சிசிலின் என்கிற அன்ரிபயோட்டிக் வேண்டும் என்று சிங்களத்தில் சண்டை பிடித்தார். டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார், அவ்வளவுதான், சிரித்துக்கொண்டே.

சீனி இல்லாத இருமல் பாணி பற்றி: கசப்பு, பின்னால் ஒரு இரும்பு ருசி, வேப்பெண்ணெய்க்குத் தம்பி முறை. இருமலை நிறுத்தவில்லை, நித்திரை கொள்ள விட்டது, எனக்கு அது போதும். கொஞ்சம் கூடக் குடித்தால் வயிறு இளகும், நான் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பஸ்பங்குவ என்கிற சிங்கள மூலிகைக் கசாயம், கொத்தமல்லித் தண்ணி குடிக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக, கூடக் கடிக்கிற கருப்பட்டித் துண்டை மட்டும் மாமியிடமே விட்டுவிடுங்கோ என்றார். பக்கெட்டில் வருகிற மூலிகைத் தேத்தண்ணி என்றால் முதலில் பக்கெட்டைத் திருப்பி வாசிக்க வேண்டும்.

குளிசை போட்டுத் தந்த கடதாசி உறையில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதித் தந்தார். அம்மாவுக்கு வாங்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். மெதுவோ மெது. எல்லோரிடமும் இவ்வளவு கதைத்தால் வரிசை எப்படி நகரும், இரண்டாம் முறை போனபோது நாற்பது நிமிடம் இருந்தேன், அதுவும் அந்த வாங்கில், ஒரு பக்கம் காய்ச்சல்காரர், மறுபக்கம் இருமல்காரர், முகக்கவசம் போட்டிருந்தது நான் மட்டும். தடிமனுக்கு மருந்து வாங்கப் போய் அடுத்த தடிமனை வாங்கி வருகிற ஏற்பாடு. வாங்கை வெளியே, கூரைக்குக் கீழே போட்டால் என்ன என்று கேட்டேன், ஒழுங்கையில் வாகனம் போக வேண்டுமே என்றார். கார்டில் இருந்து குளிசையை வெட்டித் தரும்போது காலாவதித் திகதி மற்றப் பாதியோடு போய்விடுகிறது, கேட்டால் உறையில் எழுதித் தருகிறார், கேட்காமலே எழுதலாம். வீட்டுக்கு அனுப்புகிற வேலை இல்லை. ஞாயிறு மத்தியானத்தோடு பூட்டு.

ஆறாம் நாள் காலை 134. எம்பாகிளிஃப்ளோசினைத் திரும்பத் தொடங்க டொக்டரும் சரி சொன்னார். ஃப்ளூ ஊசி இங்கே போடமாட்டார்களாம், உடம்பு தேறின பிறகு கிளினிக்கில் கேளுங்கோ, வருடத்துக்கு ஒன்று, ஆனால் சாதாரணத் தடிமனுக்கு அது காவல் இல்லை என்றார் பாமசித் தம்பி. சீனி இல்லாத லொசெஞ்சர் முடிந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வரும் என்றும் சொன்னார். செவ்வாய் போனேன், வரவில்லை. வெள்ளி வருமாம்.