பெற்றோல் வாளா, பற்றரி வாளா: வீட்டு விறகுக்கு எது பொருந்தும்?

2021ஆம் ஆண்டின் இறுதியில் தெற்கு நோர்வேயில் மின்சார விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறி, டிசம்பர் முதல் வீடுகளின் மின்கட்டணத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கத் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில்தான், வரவேற்பறை மூலையில் பெரும்பாலும் அழகுக்காக நின்றிருந்த எங்கள் இரும்பு அடுப்பு வீட்டைச் சூடாக்கும் வேலைக்கு வந்தது. முதல் சில வாரங்கள் 40 லீற்றர் மூட்டைகளில் விறகு வாங்கினோம். ஹாமார் நகருக்கு வெளியே, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகைக்கு இறங்கும் இடத்தில், ஒரு மூட்டை இரண்டு மாலைகளுக்கு மேல் தாங்கவில்லை. அயலிலுள்ள பண்ணைக்காரர், தம் காட்டின் ஓரத்தில் ஐதாக்க வேண்டியிருந்த பேர்ச் மரங்களை நாங்களே வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அந்த அனுமதி இல்லாமல் ஒரு மரத்தையும் தொட முடியாது. 1957ஆம் ஆண்டின் வெளிவாழ்வுச் சட்டம் பிறர் காட்டில் நடக்கவும் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறதே தவிர, மரம் வெட்ட உரிமை தரவில்லை.

ஆகவே ஒரு சங்கிலிவாள் தேவைப்பட்டது. 2022, 2023 ஆகிய இரு பருவங்களில் 50 சிசி பெற்றோல் வாளைப் பயன்படுத்தினேன். 2024 முதல் 36 வோல்ற் பற்றரி வாளுக்கு மாறி, அதில் மூன்று பருவங்களை முடித்திருக்கிறேன். என் சாய்வு பற்றரி வாளின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் பலரும் நினைப்பதுபோல் சத்தமோ புகையோ அல்ல.

அந்த வெளிப்படையான வேறுபாடுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெற்றோல் வாளுக்கு வலு அதிகம், சத்தமும் அதிகம். நூறு டெசிபெலைத் தாண்டும் அந்த ஒலிக்குக் காதுமூடி இல்லாமல் நிற்கக் கூடாது. புகை உடையில் ஊறி வீடுவரை வரும். அதிர்வு கூடுதலாக இருப்பதால், குளிரில் நெடுநேரம் பிடித்திருந்தால் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். பற்றரி வாள் இவை எல்லாவற்றிலும் மென்மையானது, ஆனால் வலுவிலும் ஒரு படி கீழே நிற்கிறது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கிறது என்ற கணக்கை ஆரம்பத்தில் நான் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் முதல் தேர்வே வேறாக இருந்திருக்கும். நோர்வேயில் விறகை ‘ஃபவ்ன்’ என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு ஃபவ்ன் என்பது அடுக்கிய நிலையில் 2.4 கனமீற்றர். யாழ்ப்பாணத்து விறகுகாலையில் அந்தர் கணக்கில் நிறுத்து வாங்கிப் பழகிய எனக்கு, எடையைப் பார்க்காமல் இடத்தை அளப்பது முதலில் விசித்திரமாக இருந்தது. ஈரமும் எடையோடு சேர்ந்து விற்கப்படாது என்பதால் அதுவே நேர்மையான அளவு என்று பின்னர் விளங்கியது. அடுக்கின் இடைவெளிகளைக் கழித்தால் ஒரு ஃபவ்னில் ஏறக்குறைய ஒன்றரைக் கனமீற்றர் மரம் இருக்கும். 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டை 30 சென்ரிமீற்றர் துண்டுகளாக்கினால் அதற்கு நூறு வெட்டுகள் போதும். எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு ஃபவ்ன், அதாவது நானூறு வெட்டுகள். மரத்தைச் சாய்ப்பதும் கிளை கழிப்பதும் அதற்கு மேல். ஏறக்குறைய 250 வாற்-மணி கொள்ளும் என் பற்றரி ஒரு முறை ஏற்றினால், தீட்டிய சங்கிலியுடன் இத்தகைய தண்டில் நாற்பது வெட்டுகள் வரை தருகிறது. இரண்டு பற்றரிகளோடு காலையில் போனால் எண்பது வெட்டுகள் கிடைக்கும். அந்த எண்பது துண்டுகளையும் இழுத்து, ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கோடரியால் கொத்தி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. வாள் ஓடும் நேரம் அந்த நாளின் மிகச் சிறிய பகுதிதான். பற்றரி முடிந்து நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாட்கள் மூன்று பருவங்களிலும் ஐந்தாறுக்கு மேல் இல்லை.

ஆயினும் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. வீட்டு விறகுக்கு வெட்டுபவர் வாளை ஆண்டில் பத்து, பதினைந்து நாட்களே எடுக்கிறார். மரத்தில் நீரோட்டம் ஏறுமுன், நிலம் உறைந்து தண்டுகளைச் சறுக்கி இழுக்கக்கூடிய ஜனவரி முதல் மார்ச் வரையான வாரங்களில் வெட்டி, ஈஸ்ரர் விடுமுறைக்குள் கொத்தி அடுக்கிவிட்டால், கோடைக் காற்றில் விறகின் ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பேர்ச்சின் பட்டை நீரை வெளியே விடாதது. முழுத் தண்டாகக் கிடந்தால் காய்வதற்குப் பதிலாக உள்ளே உளுத்துப்போகும். ஆகவே அந்த வாரங்கள் தவறினால் அடுத்த குளிர்காலத்து விறகே தவறிவிடும். மீதி ஒன்பது மாதங்களும் வாள் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. பெற்றோல் வாளை அந்தச் சும்மா கிடக்கும் காலமே கெடுக்கிறது.

பம்பில் அடிக்கும் பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். எரிபொருளின் இலேசான பகுதிகள் ஆவியாகி, மிஞ்சுவது பிசினாக, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புறேற்றரின் நுண்துளைகளில் படியும். உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வு விறைத்து, எரிபொருளைச் சரியாக இழுக்க முடியாமல் போகும். எரிபொருள் குழாயும் காலப்போக்கில் விரிசல் விடும். 2022 ஏப்ரலில் ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒயில் கலந்த சாதாரண பெற்றோலைத் தாங்கியில் அப்படியே விட்டு, 2023 ஜனவரியில் இழுத்தபோது வாள் கிளம்பவில்லை. திருத்துமிடத்தில் வரிசை நீளமாக இருந்தது. எல்லோருடைய வாளும் அந்த மாதத்தில்தானே பழுதாகிறது. கார்புறேற்றரை மாற்றித் திரும்பக் கையில் தர மூன்று வாரங்கள் சென்றன. வாளின் விலையில் மூன்றிலொரு பங்கு செலவானது. அதற்குள் பனி இளகிக் காட்டுப்பாதை சேறாகிவிட்டதால், அந்த ஆண்டு இரண்டு ஃபவ்னோடு நிறுத்திக்கொண்டோம். அடுத்த குளிர்காலத்தில் மிகுதியை மூட்டைகளாக வாங்கினோம்.

பெற்றோல் வாளுக்காக வாதிடுபவர்கள் இதற்குத் தரும் பதில் நியாயமானது. அல்கிலேற் எனப்படும் தூய்மைப்படுத்திய பெற்றோல் இங்கே எந்தத் தோட்டக்கருவிக் கடையிலும் ஒயில் கலந்தே கிடைக்கிறது. அதில் எத்தனோல் இல்லை, பென்சீன் ஏறக்குறைய இல்லை, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பருவ முடிவில் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு வைத்தால், எனக்கு நேர்ந்தது பெரும்பாலும் நேராது. விலை கணிசமாகக் கூடியதென்றாலும், ஆண்டுக்குச் சில லீற்றர்களே தேவைப்படும் வீட்டுக்கு அது பெரிய சுமையன்று. பெற்றோல் வாளை வாங்க எண்ணுபவர் எவராயினும் முதல் நாளிலிருந்தே இதையன்றி வேறெதையும் ஊற்ற வேண்டாம் என்று வற்புறுத்துவேன். அதன் பிறகும் காற்று வடி, எரிபொருள் வடி, அரை மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டிய ஸ்பார்க் பிளக், கிளப்பும் கயிறு, கிளச் என்று ஒரு வரிசை மிஞ்சி நிற்கிறது. பற்றரி வாளில் இந்த வரிசை முழுவதும் இல்லை. ஜனவரியில் ஏற்றிய பற்றரியைச் செருகி விசையை அழுத்தினால் சங்கிலி சுற்றுகிறது. மூன்று ஆண்டுகளிலும் ஒருமுறைகூட அது தவறவில்லை.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கமும் உண்டு. பெற்றோல் கிடைக்காத 1990களின் யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கழற்றிப் பூட்டித் திருத்தக்கூடிய இயந்திரத்தின்மேல் எனக்கு இயல்பாகவே மதிப்பு அதிகம். பற்றரி வாளின் மின்னணுப் பலகை பழுதானால் என் கையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்புறேற்றர் பொருத்திய இன்றைய பெற்றோல் வாள்களும் திருத்துமிடத்துக் கணினியின்றித் திருத்த முடியாத நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பராமரிப்பில் இரண்டு வாள்களுக்கும் பொதுவான பாதி ஒன்று இருக்கிறது. பற்றரி வாளை வாங்குபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். சங்கிலி, அது ஓடும் தகடு, அதை இழுக்கும் பற்சக்கரம், தகட்டுக்குச் சொட்டும் ஒயில் ஆகிய நான்கையும் எந்த வாளானாலும் கவனித்தாக வேண்டும். இன்று எல்லா வாள்களிலும் ஓடும் வெட்டுப்பல்லின் மூலவடிவம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டுப்புழுவின் தாடைகளைக் கூர்ந்து பார்த்து 1940களில் உருவாக்கியது. புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக அறுப்பதைப் போலவே பற்களும் மாறி மாறி இருபுறமும் நிற்கின்றன. ஆகவே ஒரு பக்கத்துப் பற்களை அரத்தால் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் வெட்டு வளைந்து போகும். இரண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவு இழுக்க வேண்டும். எனக்கு மூன்று இழுப்புகள் போதுமாக இருக்கின்றன. அரத்தின் பருமன் சங்கிலிக்குச் சங்கிலி வேறுபடும்: என் பெற்றோல் வாளின் 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர், பற்றரி வாளின் தாழ்ந்த வகை 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர். ஒன்றுக்கு மற்றதைப் பயன்படுத்தினால் பல்லின் முனை கெட்டுவிடும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய மேட்டையும் சில தீட்டல்களுக்கு ஒருமுறை தட்டை அரத்தால் தாழ்த்தி, பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீற்றர் கீழே வைக்க வேண்டும். தகட்டை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டால் இரு விளிம்புகளும் சமமாகத் தேயும்.

இந்த வேலையில் சோம்பினால் பற்றரி வாளே அதிகம் தண்டிக்கும். மழுங்கிய சங்கிலியைப் பெற்றோல் வாள் தன் வலுவால் மரத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். செலவாவது சிறிது எரிபொருள். பற்றரி வாளிலோ நாற்பது வெட்டுகள் இருபதாகிவிடும். வாளிலிருந்து விழுவது சீவலாக இல்லாமல் மாவாக இருந்தால் உடனே நிறுத்தித் தீட்டுகிறேன். பற்றரி பலவீனமானது என்று குறைகூறும் சிலர் முதலில் தங்கள் சங்கிலியைப் பார்க்க வேண்டும்.

பற்றரிக்கென்று தனியான கவனிப்பும் இருக்கிறது. லித்தியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே உறைந்த நிலையில் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும்; காட்டிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வைத்துச் சூடேறிய பிறகே ஏற்ற வேண்டும். கடுங்குளிரில் கொள்ளளவு குறைவதால், இரண்டாவது பற்றரியை என் அங்கியின் உட்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். பருவம் முடிந்ததும் பாதி ஏற்றிய நிலையில் வீட்டுக்குள் வைக்கிறேன். பெற்றோல் வாளோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலைதான்.

பாதுகாப்பில் பற்றரி வாள் மென்மையானது என்று எவரும் நினைக்கக் கூடாது. தகட்டின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் பட்டால் அதுவும் அதே வேகத்தில் முகத்தை நோக்கி எகிறும். சத்தமின்றி நிற்பதால் அணைந்திருப்பதுபோலத் தோன்றும். சங்கிலியைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றுவதை நான் ஒருநாளும் விடுவதில்லை. வெட்டுக் காப்புக் காற்சட்டையின் நார்கள் பற்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்துவதே அதன் வேலை. மின்மோட்டாரின் திருப்புவிசை தொடக்கத்திலேயே அதிகம் என்பதால், அந்தக் காற்சட்டை மின்வாளுக்கும் ஏற்றதா என்று அதன் குறிப்பைப் படித்து வாங்குவது நல்லது.

பெற்றோல் வாள் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தண்டுகள், நாள் முழுதும் வெட்டும் வேலை, ஆண்டுக்குப் பத்து ஃபவ்னுக்கு மேல் வெட்டி விற்பவர்கள், மின்சாரம் இல்லாத மலைக்குடில்கள் ஆகியவற்றில் நான் பற்றரியைப் பரிந்துரைக்க மாட்டேன். மீள்விற்பனையிலும் அதுவே முன்னால் நிற்கிறது: நல்ல பெற்றோல் வாள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் உதிரிப்பாகத்தோடு ஓடும், வாங்கவும் ஆள் இருக்கும். பழைய பற்றரி வாளை வாங்குபவர் பற்றரியின் வயதைப் பார்த்தே விலை பேசுவார். என் பற்றரிகளில் மூன்று பருவங்களில் குறிப்பிடத்தக்க தேய்வு தெரியவில்லை. ஆனால் மூன்று பருவ அனுபவத்தை வைத்துக்கொண்டு எட்டாம், பத்தாம் ஆண்டைப் பற்றி நான் உறுதி கூற முடியாது. அதே வடிவப் பற்றரியை அந்த நிறுவனம் அப்போதும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அதனால் புல்வெட்டி, வேலிவெட்டி ஆகியவற்றுக்கும் பொருந்தும் பற்றரி வகையையே தேர்ந்தேன்.

இந்தப் பெப்ரவரியில் காற்றில் விழுந்த ஸ்புறூஸ் மரம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அடிமரம் அரை மீற்றர் விட்டம். முதல் நான்கு வெட்டுகளில் ஒரு பற்றரியின் பாதி போய்விட்டது. பண்ணைக்காரரிடம் அவருடைய பெற்றோல் வாளை ஒரு நாள் கேட்டுப் பெற்று, அல்கிலேற் ஊற்றி, அடிமரத்தை மட்டும் அதனால் வெட்டினேன். நுனிப்பக்கத்தையும் கிளைகளையும் மறுநாள் என் வாளே முடித்தது.